இரண்டு கம்பிகளுக்கும் பொதுவான இரைச்சல்

ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் துவாக்குடியிலிருந்து எனக்கு போன் வருவது நிற்கவில்லை. போன மாதம் நஸ்ரின் கூப்பிட்டார். நான் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்த மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவர். நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் நாள் முழுக்க ஈசிஜி பதிவு செய்யும் ஒரு சிறிய பட்டையை அவருடைய குழு வடிவமைக்கிறது. நான் ஒரு மேசை நிறையப் பரப்பிவைத்துச் செய்ததை இன்று நகத்தளவு சிப் ஒன்று செய்துவிடுகிறது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்த சிப் அன்று கிடைத்திருந்தால் நான் இன்னும் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

"மேடம், ஃபிஃப்டி ஹெர்ட்ஸ் ஹம் வருது. சாஃப்ட்வேர்ல ஒரு ஃபில்டர் போட்டா போயிடுது. போட்டுடலாமா?"

"அது எங்கேருந்து உள்ள வருதுன்னு பாத்தீங்களா?"

"அதான் ஃபில்டர் போட்டா போயிடுதே மேடம்."

இதற்குப் பதில் சொல்ல போன் போதாது என்று தோன்றியது. "எழுதித் தரேன்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு பக்கத்தில் முடியும் என்று நினைத்து ஆரம்பித்தது இது.

நான் பிலோமினா. திருவெறும்பூர்க்காரி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, துவாக்குடி தொழிற்பேட்டையில் மருத்துவக் கருவிகள் செய்த ஒரு சிறிய கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் அடுத்தவர்கள் செய்த போர்டுகளைச் சோதித்தேன். அதற்கப்புறம் போர்டுகளை நானே வரைய ஆரம்பித்தேன். படிப்பு, பயிற்சி பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

எங்கள் வேலை என்னவென்று கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடலாம். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் உடம்பில் ஒரு சின்ன மின்னழுத்தம் உண்டாகிறது. கையிலும் காலிலும் எலக்ட்ரோடு மாட்டி இரண்டு கம்பிகள் வழியாக அளந்தால் அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் ஒரு மில்லிவோல்ட் இருந்தால் அதிகம். அதே உடம்பின்மேல், சுவரில் ஓடும் கரண்ட் வயரிலிருந்தும் ட்யூப்லைட்டிலிருந்தும் ஏறி நிற்கும் ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல், நாங்கள் ஹம் என்பது, அதைப்போல ஆயிரம் மடங்கு இருக்கும். ஆனால் அந்த இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவாக இருக்கிறது. அதனால் இரண்டுக்கும் பொதுவானதைத் தள்ளிவிட்டு வித்தியாசத்தை மட்டும், அதுவும் வடிவம் கெடாமல், பெரிதாக்க வேண்டும். அந்த ஆம்ப்ளிஃபயரைச் செய்வதுதான் என் வேலை. சொல்ல ஒரு வரி. செய்ய எனக்கு ஒரு ஆயுள் பிடித்தது.

எங்கள் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவர் சௌந்தரராஜன் சார். ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். நெற்றியில் மெல்லிய சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு, சட்டைப் பையில் நன்றாகச் சீவிய பென்சில் ஒன்று. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எவ்ளோ?"

"சார், இந்த போர்டுல ஹம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

"எவ்ளோ?"

"சார், புது ரெசிஸ்டர் நல்லாருக்கு."

"எவ்ளோ?"

எண் இல்லாமல் போனால் நம்மைப் பார்க்கவே மாட்டார், அலைவடிவம் காட்டும் ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். வரைபடத்தில் தப்பு இருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரே ஒரு புள்ளி வைத்துத் திருப்பித் தருவார். என்ன தப்பு என்று எழுத மாட்டார். புள்ளி வைத்த இடத்தை இரண்டு நாள் வெறித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது நம் பாடு. முதல் வருஷம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

அவர் ஏற்படுத்தி வைத்திருந்த நடைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆம்ப்ளிஃபயரின் கடைசிப் படியில் நான்கு ரெசிஸ்டர்கள் இருந்தன. பொதுவானதைத் தள்ளுவது அவற்றின் பொருத்தத்தைப் பொறுத்தது. நான்கும் பத்து கிலோ-ஓம் என்று எழுதியிருந்தால் போதாது. இந்தப் பக்கத்து ஜோடியின் விகிதமும் அந்தப் பக்கத்து ஜோடியின் விகிதமும் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போக வேண்டும். கடையில் வாங்குவது அப்படி வராது. அதனால் நூறு ரெசிஸ்டர்களைக் கொட்டி, ஒவ்வொன்றையும் பிரிட்ஜ் என்ற அளவுக்கருவியில் அளந்து, ஜோடி சேர்ப்போம். விரலால் தொடக்கூடாது, உடம்புச் சூடு ஏறினால் மதிப்பு மாறிவிடும். இடுக்கியால் எடுத்து வைத்துவிட்டு, முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து எழுத வேண்டும். சால்டர் செய்த பிறகு போர்டு ஆற கால் மணி நேரம். அதற்கப்புறம் மறுபடி அளவு. ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்கிற வேலை. திருச்சி வெயிலில் அதை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு முதல் வெற்றி அந்த ரெசிஸ்டர்களால்தான் கிடைத்தது. காலையில் எண்பத்தாறு டெசிபல் காட்டிய போர்டுகள், அதாவது பொதுவான இரைச்சலை இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தவை, ஓடி ஒரு மணி நேரமானால் எழுபதுக்கு இறங்கின. எல்லோரும் ரெசிஸ்டர் கம்பெனியைக் குறை சொன்னார்கள். நான் ஒரு வாரம் தெர்மாமீட்டர் வைத்து போர்டின் மூலை மூலையாக அளந்தேன். நான்கு ரெசிஸ்டரில் ஒன்று மட்டும் சூடாகும் மின்னழுத்த ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு மற்றவற்றைவிடப் பதினோரு டிகிரி ஜாஸ்தி. நான்கையும் போர்டின் குளிர்ந்த ஓரத்தில் ஒட்டி ஒட்டி உட்காரும்படி மாற்றி வரைந்தேன். நாள் முழுக்க ஓட்டியும் எண்பத்தாறு அசையவில்லை. சௌந்தரராஜன் சார் என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். பென்சிலை எடுத்தார். எங்கும் புள்ளி வைக்காமல் பையில் திரும்பச் செருகிக்கொண்டார். அன்று வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன்.

என் மொத்த வேலைக்காலத்தையும் இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் முசிறிக்கு முன், முசிறிக்குப் பின் என்றுதான் பிரிப்பேன்.

நான் சேர்ந்து ஏழாவது வருஷம் முசிறியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே சொந்தமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்திவந்த டாக்டர் கனகவல்லி எழுதியிருந்தார். உங்கள் ஈசிஜி மெஷின் பொய் சொல்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான்கே வரிகள். மெஷின் பொய் சொல்கிறது என்று அதுவரை எங்களுக்கு யாரும் எழுதியதில்லை. ஓடவில்லை, பேப்பர் சிக்குகிறது என்றுதான் எழுதுவார்கள்.

சௌந்தரராஜன் சாரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"பொய்னா எவ்ளோ பொய்? போய் அளந்துண்டு வாங்கோ."

பஸ் பிடித்து முசிறி போனேன். டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும், "மெஷினை எடுத்துட்டுப் போக ஆள் வரலியா?" என்று கேட்டார்.

"என்ன ஆச்சுன்னு பாத்துட்டு எடுத்துக்கறேன் டாக்டர்."

மேசை இழுப்பறையிலிருந்து மூன்று ஈசிஜி தாள்களை எடுத்துப் போட்டார். முதலாவது, மெஷினின் முன்பக்கத்தில் இருக்கும் ஃபில்டர் சுவிட்சைப் போடாமல் எடுத்தது. கோடே தெரியவில்லை, முழுக்க இரைச்சல், விரல் தடிமனுக்கு மை பூசியதுபோல இருந்தது. இரண்டாவது, அதே ஆளுக்கு அதே நிமிஷம் ஃபில்டரைப் போட்டு எடுத்தது. அழகான மெல்லிய கோடு. ஆனால் ஒவ்வொரு கூர்மையான முனைக்கும் பின்னால் கோடு அடித்தளத்துக்கு இறங்காமல் ஒரு சிறு மேடாக நின்றது. மாரடைப்பில் தெரியக்கூடிய அடையாளம் அது. மூன்றாவது, அதே ஆளைத் திருச்சிக்கு அனுப்பி அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தது. மேடு இல்லை. சுத்தமாக நார்மல்.

"இவரை ரெண்டு தடவை திருச்சிக்கு அனுப்பினேன். ரெண்டு தடவையும் ஒண்ணுமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவருக்கு சர்க்கரை இருக்கு, பீடி பிடிக்கிறாரு, அப்பாவும் அண்ணனும் மாரடைப்புல போனவங்க. நாளைக்கு நிஜமாவே வந்துச்சுன்னா நான் சொன்னா போவாரா? நீங்களே கேளுங்க."

அந்த ஆள் வெளியே பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பெயர் பழனியாண்டி. வாழைத்தார் வெட்டி லாரி ஏற்றுகிறவர், ஐம்பது வயதிருக்கும். டாக்டர் கூப்பிட்டதும் எழுந்து வந்து கதவோரமே நின்றுகொண்டார்.

"டாக்டரம்மா, திருச்சின்னா நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். வண்டி வச்சுக்கிட்டுப் போயி, ரெண்டு நாளு படுக்க வச்சு, ஒண்ணுமில்ல எந்திரிச்சுப் போடான்னுட்டாங்க. ஊருல சிரிக்கிறாங்க. இனிமே என் நெஞ்சே வெடிச்சாலும் போவமாட்டேன்."

அதுவரை இரைச்சல் என்றால் எனக்கு டெசிபல். இந்த மனிதர் ஒரு நாள் நிஜ வலியோடு, போகமாட்டேன் என்று இதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கப்போகிறார். அதற்குக் காரணம் எங்கள் போர்டு.

கெஞ்சி அவரைப் படுக்கவைத்தேன். கையோடு கொண்டுபோயிருந்த மீட்டரால் ஒவ்வொரு எலக்ட்ரோடும் தோலோடு எவ்வளவு நன்றாகத் தொடுகிறது என்று அளந்தேன். கையில் ஆறு கிலோ-ஓம். காலில் ஐம்பத்தைந்து. சேற்றிலும் வெயிலிலும் முப்பது வருஷம் நின்ற கால், வெடித்துக் காய்ந்து மரப்பட்டை மாதிரி இருந்தது. எங்கள் கம்பெனியில் சோதனைக்கு எலக்ட்ரோடு மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் செருப்புப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த நாங்கள்தான். எங்களில் யார் காலும் எட்டு கிலோ-ஓமைத் தாண்டியதில்லை.

"காலை நல்லாத் தேச்சுட்டு எடுத்தா கொஞ்சம் சரியாகும் டாக்டர்" என்றேன்.

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வர்றவரோட காலைத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா?"

"ஒரு மாசம் குடுங்க. மெஷின் இங்கேயே இருக்கட்டும். ஃபில்டர் போட்டு எடுத்ததை மட்டும் நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும் பஸ்ஸில் குளித்தலைப் பக்கம் தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த இரைச்சல் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். நோயாளியிடமிருந்து மெஷினுக்குப் போகும் கேபிளின் மேல் வெளி இரைச்சல் நுழையாமல் இருக்க ஒரு உலோக உறை இருக்கும். அதை எல்லோரையும்போல நாங்களும் எர்த்தில் இணைத்திருந்தோம். உள்கம்பிக்கும் உறைக்கும் நடுவே கொஞ்சம் மின்தேக்கம் உண்டு. இரண்டு மீட்டர் கேபிளுக்கு இருநூறு பிகோஃபாரட். அதன் வழியாகத் துளி மின்னோட்டம் எர்த்துக்குக் கசியும். இரண்டு எலக்ட்ரோடும் ஒரே மாதிரித் தொட்டால் இரண்டிலும் ஒரே அளவு இழப்பு, பொதுவானது பொதுவாகவே இருக்கும். ஒன்று ஆறு, இன்னொன்று ஐம்பத்தைந்து என்றால் இழப்பும் வேறுபடும். பொதுவான இரைச்சல் ஆம்ப்ளிஃபயரின் வாசலை மிதிப்பதற்கு முன்பே வித்தியாசமாக மாறிவிடும். அப்புறம் எண்பத்தாறு டெசிபல் இருந்தென்ன, நூறு இருந்தென்ன? உடம்பில் ஒரு வோல்ட் இரைச்சல் என்று வைத்துப் போட்டேன். மூன்று மில்லிவோல்ட் வந்தது. இதயம் ஒரு மில்லிவோல்ட், இரைச்சல் மூன்று. தாளில் பார்த்த தடிமன் அதேதான்.

மறுநாள் கம்பெனியில் இன்னொன்றையும் அளந்தேன். சுத்தமான ஈசிஜி வடிவத்தை ஜெனரேட்டரிலிருந்து கொடுத்து, ஃபில்டரைப் போட்டு, வெளியே என்ன வருகிறது என்று பார்த்தேன். உள்ளே போன முனையில் கால் பங்கு காணவில்லை. அதற்குப் பின்னால், நான் கொடுக்காத ஒரு மேடு. தாளில் அது சரியாக ஒரு மில்லிமீட்டர். ஐம்பது ஹெர்ட்ஸை வெட்டுகிறேன் என்று அந்த ஃபில்டர் அதன் இரண்டு பக்கத்திலும் அகலமாக வெட்டிக்கொண்டிருந்தது. இதயத்தின் கூர்மையான முனையும் அந்த அகலத்துக்குள்தான் இருந்தது. நகரத்து ஆஸ்பத்திரிகளில் எர்த் நன்றாக இருக்கும், அந்த சுவிட்சை யாரும் தொடுவதே இல்லை. அதனால் எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

ஒரே ஒரு சிக்கல். அந்த ஃபில்டர் சௌந்தரராஜன் சாருடைய சொந்த வடிவமைப்பு. அதை வைத்துத்தான் கம்பெனிக்குப் பெயர் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள்.

மார்கழி மாதம், அவர் ஸ்ரீரங்கம் கோயில் பகல்பத்து உற்சவத்துக்காக லீவில் இருந்தார். லீவு முடியும்வரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து அப்படியே பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், உத்தர வீதியில் வீட்டைத் தேடிப்பிடித்தேன். கதவைத் திறந்தவர் அவர்தான். வேஷ்டியும் பன்னிரண்டு திருமண்ணுமாக வேறு ஆள் மாதிரி இருந்தார்.

"வாங்கோ வாங்கோ. ஆத்துல எல்லாரும் சேவிக்கப் போயிருக்கா. உக்காருங்கோ. தீர்த்தம் தரட்டுமா?"

தண்ணீரைக் குடித்துவிட்டு, தாள்களை அவர் முன்னால் பரப்பினேன். முசிறியில் எடுத்தவை, திருச்சியில் எடுத்தது, நான் லேபில் எடுத்தவை. ஒவ்வொன்றையும் கண்ணாடிக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"இந்த ஃபில்டர் நான் போட்டது."

"தெரியும் சார்."

"எவ்ளோ?"

"முனையில கால் பங்கு குறையுது சார். பின்னாடி ஒரு மில்லிமீட்டர் மேடு வருது."

"ஒரு மில்லிமீட்டரா?"

"ஒரு மில்லிமீட்டர் சார். மூணு தடவை எடுத்துப் பாத்தேன்."

கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியால் துடைத்தார். "ஒரு மில்லிமீட்டர்னா டாக்டர் ஹார்ட் அட்டாக்னுதான் படிப்பா. தப்பு அவா மேல இல்லை." பிறகு கேட்டார்: "ஃபில்டரை எடுத்துட்டா ஹம்முக்கு என்ன பண்ணப்போறேள்?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் வந்திருந்தேன். பையிலிருந்து வரைபடத்தை எடுத்தேன். "உள்ள விட்டுட்டுத் துடைக்க வேண்டாம் சார். உள்ளயே விட வேண்டாம். கேபிள் உறையை எர்த்ல போடாம, ரெண்டு கம்பியிலயும் பொதுவா என்ன வோல்டேஜ் இருக்கோ அதையே எடுத்து உறைக்குக் குடுத்துடலாம். கம்பியும் உறையும் ஒரே வோல்டேஜ்ல இருந்தா நடுவுல கசிய ஒண்ணும் இருக்காது. அதையே தலைகீழாக்கி வலது காலுக்குக் குடுத்தா உடம்பு மேல இருக்கற இரைச்சலே இறங்கிடும்."

பென்சிலுக்காக அவர் கை நெஞ்சுக்குப் போனது. சட்டை இல்லை. உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார். வலது காலுக்குப் போகும் கம்பியில் ஒரு புள்ளி. உறைக்குப் போகும் கம்பியில் ஒரு புள்ளி.

"நாளைக்குக் கார்த்தால நானும் வரேன். லீவை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

முதல் புள்ளி எனக்கு பஸ்ஸிலேயே புரிந்துவிட்டது. மெஷினில் ஏதாவது பழுதானால் நோயாளியின் காலுக்குக் கரண்ட் போகக்கூடாது. அந்தக் கம்பியில் பெரிய ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம் வேண்டும், நான் போட மறந்திருந்தேன். இரண்டாவது புள்ளி, போர்டைச் செய்து கரண்ட் கொடுத்த பிறகுதான் புரிந்தது. ஸ்கோப்பில் கோடு வரவேண்டிய இடத்தில் ஒரு பச்சைப் பட்டை நின்றது. உறைக்கு வோல்டேஜ் கொடுத்த ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊசலாட ஆரம்பித்திருந்தது. கேபிளின் மின்தேக்கம் அதற்குப் பெரிய சுமை. நான்கு நாள் மல்லுக்கட்டினேன். ஐந்தாம் நாள் அந்தப் புள்ளியின் மேலேயே நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டேன். பச்சைப் பட்டை படக்கென்று ஒடுங்கி ஒரு கோடானது. நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் ஷாக் அடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள்.

அப்புறம் சோதனை முறையையே மாற்றினோம். அதுவரை இரண்டு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து இரைச்சல் கொடுத்துப் பார்ப்போம். இனிமேல் ஒரு கம்பியில் மட்டும் ஐம்பத்தொரு கிலோ-ஓம் ரெசிஸ்டரும் பக்கத்தில் ஒரு மின்தேக்கியும் வைத்து அளக்க வேண்டும் என்று நான் எழுதினேன். கடைசித் தரச்சோதனைப் பட்டியலில் அந்தச் சோதனைக்கு ஊழியர்கள் தாங்களாகவே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: 'பழனியாண்டி டெஸ்ட்'. பழைய போர்டு அதில் ஐம்பது டெசிபலைத் தாண்டவில்லை. புதிய போர்டைச் சார் தன் கையாலேயே அளந்தார். முள்ளைப் பார்த்தார், ரேஞ்சை மாற்றினார், மறுபடி பார்த்தார்.

"எவ்ளோ சார்?" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கேள்வியை நான் கேட்டேன்.

"தொண்ணூத்தி நாலு" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒரு மாதம் முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது புதிய மெஷினை மடியில் வைத்துக்கொண்டு முசிறிக்குப் போனேன். சாரும் கூட வந்தார். டாக்டர் கனகவல்லி பழனியாண்டிக்கு ஆள் அனுப்பினார். வந்தவர் எங்களைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"மறுபடியும் திருச்சிக்கா?"

"இல்லீங்க. மெஷினைத்தான் பரிசோதிக்கிறோம், உங்களை இல்ல" என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. படுத்துக்கொண்டார்.

காலைக் கழுவவில்லை, தேய்க்கவில்லை. வழக்கம்போல ஜெல்லி தடவி மாட்டினார் டாக்டர். சுவரில் ட்யூப்லைட்டும் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. முன்பக்கத்தில் ஃபில்டர் சுவிட்ச் இருந்த ஓட்டையை நான் தகடு வைத்து மூடியிருந்தேன். டாக்டர் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பட்டனை அழுத்தினேன்.

தாள் நகர்ந்தது. மெல்லிய கோடு. ஒரு முனை, இறக்கம், மென்மையான ஒரு அலை, மறுபடி முனை. எந்த முனைக்கும் கால் பங்கு குறையவில்லை, எந்த முனைக்குப் பின்னாலும் மேடு இல்லை. டாக்டர் இழுப்பறையைத் திறந்து திருச்சித் தாளை எடுத்து இதற்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மேலும் கீழுமாக ஒப்பிட்டார்.

"ஒண்ணுதான்" என்றார் டாக்டர். "ரெண்டும் அப்படியே ஒண்ணுதான்!" அப்புறம் படுத்திருந்தவரிடம் திரும்பி, "பழனியாண்டி, உங்களுக்கு ஒண்ணுமில்ல. அப்பவும் ஒண்ணுமில்ல. மெஷின்தான் தப்பு" என்றார்.

"இதைத்தான நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். பழைய இரண்டு தாள்களையும் புதியதையும் டாக்டர் அவருக்கு விரல் வைத்துக் காட்டினார். இது பொய் மேடு, இதில் மேடே இல்லை, இனிமேல் இந்த மெஷினில் மேடு வந்தால் அது உண்மையான மேடு என்று. பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அன்று மாலை துவாக்குடி திரும்பியதும் சௌந்தரராஜன் சார் வரைபட அலமாரியைத் திறந்தார். தன் ஃபில்டரின் மூல வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'இனி பயன்படுத்தக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்களில் யாருக்கும் அதைச் செய்யத் தைரியம் வந்திருக்காது. அடுத்து என்னுடைய வரைபடத்தை எடுத்தார். வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் எங்கள் கம்பெனியில் எப்போதும் அவர் பெயர்தான் இருக்கும், யார் வரைந்தாலும். அதில் அவர் என் பெயரை எழுதினார். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.

"சார், புள்ளி ரெண்டும் நீங்க வச்சது" என்றேன்.

"புள்ளிதானே வச்சேன்" என்றார்.

அடுத்த வருஷத்துக்குள், ஏற்கெனவே வெளியே போயிருந்த எங்கள் மெஷின் ஒவ்வொன்றையும் திரும்ப வரவழைத்துப் போர்டு மாற்றினோம். உப்பிலியபுரத்தில் ஒரு டாக்டர், மலையடிவாரத்திலிருந்து வருகிற கூலியாட்களுக்கு முதல் தடவையாகக் கோடு தெரிகிறது என்று எழுதினார். அந்த ஆம்ப்ளிஃபயரின் அடுத்தடுத்த வடிவங்கள் எல்லாவற்றையும் நானே வரைந்தேன். எட்டு வருஷம் கழித்து சௌந்தரராஜன் சார் ஓய்வு பெற்றபோது அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. டிப்ளமா படித்த பெண்ணுக்கா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் நான் எண்ணைத்தான் காட்டினேன்.

அதற்கெல்லாம் முன்பு, போர்டு மாற்றி முடித்த சில மாதங்களில், ஒரு நாள் காலை பத்து மணிக்கு டாக்டர் கனகவல்லி போன் செய்தார்.

"பிலோமினா, பழனியாண்டி ஏழு மணிக்கு வந்தாரு. வேர்த்து ஊத்திக்கிட்டு. எடுத்துப் பாத்தேன், மேடு. மூணு மில்லிமீட்டர். திருச்சிக்குப் போகணும்னேன்."

"போனாரா?"

"போயிட்டாரு. இப்ப ஆஸ்பத்திரியில. நேரத்துக்கு வந்துட்டாராம், பொழச்சுக்குவார்னு சொல்றாங்க."

நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திருச்சிக்கு ஓடினேன். மூன்றாம் நாள்தான் பார்க்க விட்டார்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டதும் ஸ்பூனைத் தள்ளிவிட்டார்.

"நெஞ்சே வெடிச்சாலும் வரமாட்டேன்னீங்களே" என்றேன். எனக்குக் கண் நிறைந்திருந்தது, சிரிப்பும் வந்தது.

"வரக்கூடாதுன்னுதாம்மா இருந்தேன்" என்றார். "டாக்டரம்மா தாளைக் காட்டுனாங்க. இந்தத் தடவ கோடு நெசம்னாங்க. நெசம்னா வரத்தானே வேணும்?"